கத்தாத பிரேக்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். சுவாதி நட்சத்திரம்தோறும் கீழப்பாவூர் போய் நரசிம்மர் முன்னால் நிற்கும்போது, இந்தத் தடவை வீட்டுக்குப் போனதும் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். வந்ததும் கை வராது. அப்பா உயிரோடு இருந்தார், அது ஒரு காரணம். சாமி எண்ணெயைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் இன்னொன்று. இப்போது அப்பா இல்லை. நான் என்ன சொல்ல வருகிறேன் என்று சாமிக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது. தென்காசிக் கோபுரம் மொட்டையாக நின்ற காலத்தில் அதன் வாசலில் காற்று வாங்கினவர்களுக்கு. அந்த வருஷத்துக் குற்றாலச் சீசன் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஆனியில் பிடித்த சாரல் ஆடி முடியும்வரை விடவில்லை. கொடித் துணி காயாமல் வீடெல்லாம் புளித்த மாவு வாடை அடித்தது. தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் வைத்திருப்போம். அந்தச் சீசனில்தான் எங்கள் வீட்டுக்கு ரேஸ் சைக்கிள் வந்தது.

பம்பாயில் இருந்த மாமா ஓட்டிவிட்டு அனுப்பிய பழைய சைக்கிள். கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹாண்டில் பார், பெருவிரல் தடிமனில் டயர், கருநீலப் பெயிண்ட். நம் ஊர்ச் சைக்கிளுக்கெல்லாம் அப்போது பிரேக்குக்குக் கம்பிதான். இதற்கு வயர். பிடியை அழுத்தினால் வயர் இழுக்கும். நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு கை வந்து ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பரால் கவ்வும். தெருப் பிள்ளைகள் எல்லாம் அதைத் தொட்டுப் பார்க்க வந்தார்கள்.

அண்ணனுக்கென்று வந்த சைக்கிள். ஆனால் சாக்குக் கட்டைப் பிரித்து மாட்டியது அக்கா. அண்ணனுக்கு ஓட்டத்தான் தெரியும். அக்கா பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காது கேட்காது. எந்தச் சாமானையும் ஒரு தடவை கழற்றி மாட்டினால் அவளுக்குப் பிடிபட்டுவிடும். அடுப்படி வேலை மட்டும் பிடிபடவில்லை என்று அம்மா ஏசுவாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயலெல்லாம் கைவிட்டுப்போன பிறகு அப்பா அரிசி மில்லில் என்ஜின் பார்த்தார். வீட்டுக்கு வரும்போது புருவத்தில் தவிடு படிந்திருக்கும். மில்லில் எது கிரீச்சென்றாலும் எண்ணெய் விடுவது அவர் வேலை. வீட்டில் எது கிரீச்சென்றாலும் அடிப்பார். மில்லில் அறுந்துபோன பெல்ட்டில் ஒரு முழத் துண்டு எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. சாரல் காலத்தில் அதில் ஈரம் ஏறிவிடும். ஈரப் பெல்ட் பட்டால் தோலோடு ஒட்டிக்கொண்டுதான் திரும்பும். அடி வாங்குகிறவர்கள் அழக்கூடாது என்பது சட்டம்.

"சத்தம் வந்துச்சி, இன்னும் ரெண்டு விழும்" என்பார்.

நான் பாவாடை நுனியைக் கடித்துக்கொள்வேன். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். அம்மாவுக்கு விழும்போது அவள் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள், போங்க என்று. அக்காதான் கண்ணை மூடாமல் அவர் முகத்தையே பார்ப்பாள். அதற்காகவே அவளுக்குக் கூட விழும்.

சுவாதியன்று மட்டும் பெல்ட் ஆணியிலேயே இருக்கும். அப்பா அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கீழப்பாவூர் போவார். ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கொண்டுபோய், விளக்குக்கு ஊற்றியது போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். அது சாமி எண்ணெய். காய்ச்சல் என்றால் நெற்றியில், வயிற்றுவலி என்றால் தொப்புளில். "அவருக்கு நரசிம்மரு உக்கிரம் எறங்குது, அதான் கை நீளுது" என்று ஊரில் சொல்வார்கள். நாங்களும் நம்பினோம்.

அந்தச் சீசனில் பையன்கள் ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். கோபுர வாசலில் கிளம்பி, குற்றாலம் வழியாக ஐந்தருவி ஏறி, அதே வழியாகத் திரும்பி வர வேண்டும். அண்ணன் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"ரேஸ் சைக்கிள வச்சிக்கிட்டுத் தோத்தேன்னு வந்து நின்னா தோல உரிச்சிருவேன்லே."

அண்ணன் அன்று முழுசாகச் சாப்பிடவில்லை.

சைக்கிளில் ஒரு கோளாறு. முன் பிரேக்கில் ஒரு பக்கத்து ரப்பர் ரிம்மோடு உரசிக்கொண்டே இருக்கும். மற்றது எட்டவே எட்டாது.

"என்னட்டி இது, ஒரு மாடு இழுக்கு, ஒரு மாடு படுத்துக் கெடக்கு" என்றான் அண்ணன்.

"ரெண்டும் இழுக்கும். நீ சும்ம இரி."

அக்கா பிரேக்குக்குப் பின்னால் குனிந்து, அதைச் சக்கரம் தாங்குகிற ஃபோர்க்கோடு பிடித்திருக்கும் நட்டைக் கொஞ்சம் இளக்கினாள். என்னைக் கூப்பிட்டு ஹாண்டில் பார் பிடியை இரண்டு கையாலும் இறுக்கி அழுத்தச் சொன்னாள். அழுத்தினால் இரண்டு ரப்பரும் ரிம்மைக் கவ்வும். கவ்வின உடனே பிரேக் தானாகவே நடுவுக்கு வந்து நிற்கும். அந்த நிலையிலேயே நட்டை முறுக்க வேண்டும்.

"விட்டுராதட்டி. விட்டுராத. செத்த மூதி, விட்டுட்டியே."

மறுபடி இளக்கினாள். என் விரலெல்லாம் வெளுத்துப்போயிற்று. முறுக்கி முடித்ததும் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கிழித்து, ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் சும்மா போயிற்று, ஒரு பக்கம் சிக்கியது. திரும்பவும் இளக்கல், அழுத்தல், முறுக்கல். கடைசியில் அட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடித்துப் பிடித்துப் போனது. சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். எங்கேயும் உரசாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு வெகுகாலம் பார்க்கவில்லை. அந்த அட்டையைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

பிரேக் நன்றாகப் பிடித்தது. ஆனால் கத்தியது. சாரலில் நனைந்த ரிம்மில் ரப்பர் பட்டதும் மயில் அகவுகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணனுக்கு வெட்கமாகப் போயிற்று.

"ஈரத்துல கத்தத்தான் செய்யும். கத்துத பிரேக்குதான் பிடிக்கும்" என்றாள் அக்கா.

சாயங்காலம் அண்ணன் வேகமாக வந்து வாசலில் பிரேக் பிடித்தான். அப்பா உள்ளே படுத்திருந்தார். எழுந்து வந்து ஆணியைப் பார்த்துத்தான் கையை நீட்டினார். அண்ணனுக்கு முதுகில் நாலு விழுந்தது. ஹாண்டில் பாரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். சைக்கிள் கீழே விழுந்தால் அதற்கும் சத்தம் வருமே.

பந்தயத்துக்கு முந்தின நாள் சுவாதி. அப்பா கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். மறுநாள் காலையில் அக்கா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள், அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். அப்பா சைக்கிளை முன்கூடத்துப் பட்டாசலில் நிறுத்தி, தன் வேட்டி நுனியால் துடைத்தார். சந்தனம், குங்குமம் வைத்தார். பிறகு சாமி எண்ணெயைப் பெருவிரலில் தொட்டு ஹாண்டில் பாரில் தடவினார். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ரிம் முழுக்கத் தடவினார், முன்னும் பின்னும். ரப்பரிலும் வைத்தார். "எம்புள்ளைய நீதான் பாத்துக்கிடணும்" என்று வாய்க்குள் சொன்னார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை.

"எண்ணெய் காட்டாத எந்திரம் கத்தத்தான செய்யும்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவர் சிரிக்கிற நாள் எங்களுக்குத் திருநாள் அல்லவா. நானும் கைதட்டினேன்.

குங்குமம் கலைந்துவிடக் கூடாதென்று கோபுர வாசல்வரை அண்ணனைச் சைக்கிளை உருட்டிக்கொண்டே போகச் சொன்னார்.

அக்காவும் சேர்த்து நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டோம். ஐந்தருவியிலிருந்து குற்றாலத்துக்கு இறங்குகிற சாலையில் ஒரு வளைவு, அந்த வளைவில் ஒரு பலாப்பழக் கடை. அப்பா எங்களை அதன் பக்கத்தில் நிறுத்தினார். கையில் காற்றடிக்கிற பம்ப் வைத்திருந்தார், வழியில் காற்று இறங்கினால் அடிக்கலாம் என்று. சாரல் விழுந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கத்தியில் எண்ணெய் தேய்த்துப் பலாவைப் பிளந்துகொண்டிருந்தார். தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போகிற கூட்டம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது.

மேலே போனபோது அண்ணன் மூன்றாவதாகப் போனான். ஏற்றத்தில் பிரேக் எதற்கு. நின்று மிதித்தான். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இறக்கத்தில் முதல் ஆளாக வந்தான். அப்பா எம்பி எம்பிப் பார்த்தார்.

"பாத்தியாட்டி, சத்தமே இல்லாம வருதான் பாரு" என்று அம்மாவின் தோளைத் தட்டினார்.

வளைவு நெருங்கியது. அண்ணனின் இரண்டு கையும் பிடியை அழுத்தி மூடியிருந்தது எனக்குத் தெரிந்தது. அவன் வாய் திறந்தது. சைக்கிள் நிற்கவில்லை. ஒரு சின்னக் கிரீச்சுகூட இல்லாமல் எங்களைத் தாண்டிப் போய் பலாக்கடைக்குள் பாய்ந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லாச் சத்தமும். பலகை முறிந்தது, பழம் உருண்டது, கடைக்காரர் மல்லாந்து விழுந்தார். அண்ணன் கடைக்குப் பின்னால் இருந்த கல்லில் முகம் மோதிக் கிடந்தான். மேலுதடு மூக்குவரை கிழிந்திருந்தது. முன்பல் இல்லை. பலாக் கத்தி தொடையில் இறங்கியிருந்தது. பால் வடிந்த பலாச்சுளை மேலெல்லாம் இரத்தம். இன்றைக்கும் பலாப்பழ வாசனை வந்தால் நான் தெரு மாறிப் போய்விடுவேன். என் வீட்டுக்காரர் சீசனுக்கு அதை வாங்குவதே இல்லை.

ஆட்கள் அண்ணனைத் தூக்கி ஒரு வேனில் போட்டார்கள். அம்மாவும் கூட ஏறிக்கொண்டாள். அப்பா ஏறவில்லை. சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்.

"யாருலே பிரேக்குல கை வச்சது?"

அக்கா முன்னால் வந்தாள்.

"நான்தான்ப்பா."

உட்கார்ந்து பிடியை அழுத்திப் பார்த்தாள். இரண்டு ரப்பரும் ஒன்றுபோல வந்து ரிம்மில் உட்கார்ந்தன. அழுத்திக்கொண்டே சக்கரத்தைத் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. ரிம்மில் விரலை வைத்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"அப்பா, ரிம்முல நல்லெண்ணெய்."

விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அப்பா அந்த விரலையே பார்த்தார். அந்தக் கணத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

"அது சாமி எண்ணெய்ட்டி. சாமி எண்ணெய் வழுக்குமா?"

"சாமி எண்ணெயும் எண்ணெய்தானப்பா."

நீட்டிய விரல்மேல்தான் முதல் அடி விழுந்தது. கையில் இருந்த பித்தளைப் பம்ப். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள். தோளில், முதுகில், தலையில் என்று விழுந்துகொண்டே இருந்தது. ஜடை அவிழ்ந்து சேற்றில் கிடந்தது. நான் போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். உதறியதில் சாலையில் போய் விழுந்தேன்.

"போதும் அண்ணாச்சி, சாவடிச்சிராதீங்க. பொம்பளப் பிள்ளயில்லா" என்றார் ஒருவர்.

"பொம்பளப் பிள்ளைக்கு சைக்கிள்ல என்ன சோலி? கழட்டிப் போட்டுருக்கும், மாட்டத் தெரியாம" என்றார் இன்னொருவர்.

எண்ணெயைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. அக்கா சொன்னதை எல்லோரும் காதால் கேட்டார்கள். அவள் சத்தம் போடவே இல்லை, அதையும் பார்த்தார்கள்.

அண்ணன் பிழைத்தான். உதட்டைத் தைத்தார்கள். கால் கொஞ்சம் இழுக்கும். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அம்மா உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்து மூங்கில் தப்பை வைத்துக் கட்டினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கோணலாகச் சேர்ந்தன, மடங்காது. பள்ளிக்கூடம் நின்றது. அப்பா மில் சம்மட்டியைக் கொண்டுவந்து சைக்கிளைத் தெருவில் போட்டு அடித்தார். கருநீலப் பெயிண்ட் உதிர்ந்து ரொம்ப நாள் மண்ணில் மின்னிக்கொண்டிருந்தது. புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டபோது அந்தப் பத்திரிகை அட்டையும் போயிற்று.

அடுத்த சுவாதிக்கு அப்பா அக்காவைக் கீழப்பாவூருக்கு அழைத்துப்போனார், அவள் கை தோஷம் கழிய. நானும் போனேன். கட்டுப்போட்ட கையோடு அவள் சாமிக்கு எதிரே நின்றாள். பல வருஷம் கழித்து, அன்றைக்கு என்னக்கா வேண்டிக்கிட்டே என்று கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கல. கையக் காட்டுனேன்" என்றாள்.

எனக்குப் படிப்பில்லை. ஆனால் பிரகலாதன் கதை தெரியும். பெற்ற அப்பன் பிள்ளையை மலையிலிருந்து உருட்டினான், நெருப்பில் போட்டான். தூணைப் பிளந்துகொண்டு சாமி வந்தது யாருக்காக, யாரை மடியில் போட்டுக் கிழிக்க? மாசம் தவறாமல் அந்தச் சந்நிதியில் நின்றவர் எங்கள் அப்பா. அந்த நரசிம்மரின் பதினாறு கையையும் பார்த்துவிட்டு, அந்தக் கோபத்தைத் தன் கோபம் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஊரும் அப்படித்தான் எண்ணியது. அந்தப் பதினாறில் ஒரு கைகூடப் பிள்ளையை அடிக்க ஓங்கியதில்லை.

கதை மாறிக்கொண்டே போனது. பிரேக்கை மாட்டத் தெரியாமல் மாட்டினாள் என்றார்கள். பிறகு நட்டை முறுக்க மறந்தாள் என்றார்கள். கடைசியில், அண்ணனுக்கு வந்த சைக்கிள்மேல் பொறாமையில் கழற்றிவிட்டாள் என்று ஆனது. கை ராசியில்லாதவள் என்று பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியோடு எழுந்துபோனார்கள். கடைசியில் புளியறையில் லாரிக்காரர்களுக்குச் சோறு போடும் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், இரண்டாந்தாரமாக. நல்ல மனுஷர். அவள் விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் போன பிறகு அக்கா தென்காசிக்கே வந்துவிட்டாள்.

அப்பா கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தார். பேச்சு போய்விட்டது. பகலெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டே கிடப்பார். அக்காதான் அவரைத் துடைத்துப் புரட்டிப் போட்டாள். சத்தம் போடாதீங்க என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அப்பாவின் பதினாறாம் நாள் பந்தியில் சித்தப்பா பேரப்பிள்ளைகளிடம் அண்ணனைக் காட்டி, "இவன் வாய் ஏன் இப்படி இருக்கு தெரியுமால? ஓங்க அத்தை பாத்த பிரேக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிக்கொண்டே அடுத்த இலைக்குப் போனாள். நான் வாயைத் திறந்தேன்.

"விடுட்டி, பாயசம் ஆறுது" என்றாள்.

அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாள் கழித்து, நான் அக்கா வீட்டில் இருந்தபோது அண்ணன் காலை இழுத்துக்கொண்டு ஒரு சைக்கிளை உருட்டி வந்தான். பேரன் வாங்கியது, புது ரேஸ் சைக்கிள். அதே வளைந்த ஹாண்டில் பார், அதே வயர், அதே ரிம்மைக் கவ்வும் பிரேக்.

"ஏட்டி, ஒரு பக்கம் ஒரசுது. பாக்கியா?"

"கடையில குடுக்க வேண்டியதுதான?"

"நீ பாரு."

அக்கா வெகு நேரம் சைக்கிளைப் பார்த்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நட்டைத் திருப்ப இப்போது வேறு மாதிரி சாவி, அண்ணன் கொண்டுவந்திருந்தான். மடங்காத விரல்களை ஒதுக்கி, மற்ற விரல்களால் பிடித்து இளக்கினாள். நான் சொல்லாமலே போய்ப் பிடியை அழுத்தினேன்.

"விட்டுராதட்டி" என்றாள்.

விடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கிழித்து இரண்டு பக்கமும் விட்டுப் பார்த்தாள். மறுபடி இளக்கினாள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் சொன்னான்.

"அன்னைக்கு நீ வச்சது சரியாத்தான் இருந்துச்சி. ரெண்டும் ஒண்ணுபோலப் பிடிச்சிச்சி. வழுக்கிட்டுப் போச்சி."

அக்கா நிமிரவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"வாய் கிழிஞ்சி கெடந்துச்சில்லா."

"பொறவு தச்சாங்கள்லா."

அண்ணன் தையல் போட்ட உதட்டைத் தடவிக்கொண்டான். அக்கா நட்டை முறுக்கி முடித்தாள். அட்டை இரண்டு பக்கமும் பிடித்துப் பிடித்துப் போனது. காய்ந்த துணியால் ரிம்மைச் சுற்றித் துடைத்தாள். ஒரு செம்புத் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றி, வேகமாகச் சுற்றிவிட்டுப் பிடியை அழுத்தினாள். மயில் மாதிரி கத்திக்கொண்டு சக்கரம் நின்றது.

"கத்துது" என்றான் அண்ணன்.

"கத்தட்டும்" என்றாள் அக்கா.

நம் ஊர்க்காரர்களே, இந்தக் கதை உங்களில் பலர் காதுக்கு வேறு விதமாக வந்திருக்கும். இனி யாராவது சொன்னால் நிறுத்தி, இதைச் சொல்லுங்கள். அக்கா பாவம் என்று சேர்க்க வேண்டாம், அவள் பாவமில்லை. அப்பா ராட்சசர் என்று சேர்க்க வேண்டாம், பெருவிரலால் அவர் எண்ணெய் தடவியதை நான் பார்த்தேன். சாமியை இழுக்கவே வேண்டாம். பிரேக் நடுவில்தான் இருந்தது, எண்ணெய் ரிம்மில் இருந்தது, அடி அக்காவுக்கு விழுந்தது. உங்கள் பிள்ளைகளிடம் சொல்லும்போதும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.